உரிமைப் பிராது

(திருநகரில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடிமகன் ஒருவன் தன் உரிமை பறிக்கப்பட்டவிடத்து நியாயஸ்தலத்தில் பிராது கொடுப்பது எங்ஙனம் என்பதே இன்று பேசும்படி எமக்குப் பணிக்கப்பட்ட பொருள். சட்டத்தின் நுட்பங்களை விரித்துரைக்க இச்சபையிலே வக்கீல்கள் பலர் வீற்றிருக்கின்றனர். யாம் சொல்லப்புகுவது அந்த நுட்பங்களையன்று. பிராது என்பது யாது, அது நம் நாட்டில் எவ்வாறு வலிமை பெற்றது, நம்மைப்போன்ற சங்கத்திற்கு அதில் உள்ள கடமை என்ன என்னும் மூன்றையுமே சொல்லக் கருதினோம்.

நம் கூட்டங்களில் குறை கூறாத கூட்டம் ஒன்றேனும் உண்டா? சாதிச் சான்று தர மறுத்தார்கள் என்கிறோம். மயானப் பாதையை அடைத்தார்கள் என்கிறோம். பிள்ளைக்கு வரவேண்டிய உபகாரச் சம்பளம் நின்றுபோயிற்று என்கிறோம். ஆயின், எந்தத் தேதியில், எந்த உத்தியோகஸ்தர், எந்த உத்தரவினால் அங்ஙனம் செய்தார் என்று ஒருவர் எழுந்து கேட்பாராயின், சபை வாய் மூடிக்கொள்கிறது. குறை வேறு; பிராது வேறு. குறை என்பது நெஞ்சிலிருந்து வாய்க்கு வருவது. பிராது என்பது நெஞ்சிலிருந்து காகிதத்திற்கு வந்து, தேதியும் பெயரும் சாட்சியும் பெற்று நிற்பது. முன்னது காற்றோடு போகும். பின்னதற்குச் சர்க்கார் பதில் சொல்லியே தீரவேண்டும்.

இவ்வேற்றுமையை அறிய நாம் அயல்நாட்டு நூல்களைத் தேடவேண்டுவதில்லை. இம்மதுரையிலே பாண்டியன் சபையில் கண்ணகி தொடுத்த வழக்கைச் சிலப்பதிகாரம் உரைக்கின்றது. அவள் அழுதுகொண்டு வந்தாள் என்பது மெய். ஆனால் அழுகையோடு நின்றாளில்லை. தன் ஊர் இன்னது, தன் கணவன் இன்னான், அவன் இந்நகருக்கு வந்த காரணம் இது, அவனுக்கு நேர்ந்தது இது என்று முறைப்படச் சொன்னாள். முன்னாளில் நீதி வழங்கிய வேந்தர்களை எடுத்துக் காட்டினாள். இக்காலத்து வக்கீல்கள் முன்தீர்ப்புக் காட்டுவதும் இதுவே. அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்று மன்னனே ஒப்புக்கொண்டபின், தன் சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டினாள். ஒரே சாட்சியம்; வழக்கு முடிந்தது. எனினும் கோவலன் உயிர் மீளவில்லை. தீர்ப்பு வந்தும் பரிகாரம் காலங்கடந்து போயிற்று. காலத்தில் கொடுத்த பிராதே பயன் தரும் என்பதையும் அவ்வழக்கினின்றே நாம் கற்கவேண்டும்.

நிற்க. பிராது எத்துணைச் செம்மையாக எழுதப்பட்டாலும், அதைத் தாங்கும் சட்டம் இல்லையேல் அது வீணே. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. இராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சேர்ந்த கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் 1897-ஆம் வருஷம் மே மாதம் நாடார் சமூகத்தார் சிலர் உட்புகுந்து வழிபட்டனர். கோயிலின் தர்மகர்த்தா என்ற முறையில் பாஸ்கர சேதுபதி அவர்கள் மதுரை சப் கோர்ட்டில் அவர்கள்மீது தாவா தொடுத்தார். 1899-இல் தீர்ப்பு நாடார்களுக்கு மாறாக வந்தது. சென்னை ஐக்கோர்ட்டில் அப்பீல் செய்தனர். 1901-இல் அங்கும் தோல்வி. பின் கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றனர். 1908-இல் அங்கும் அதே முடிவு. இடையில் எழுந்த ராஜிப் பேச்சும் பலிக்கவில்லை.

அன்பர்களே! அவ்வழக்கில் நாடார் சமூகத்தார் பணம் செலவழிக்கத் தயங்கினாரில்லை. கெட்டிக்கார வக்கீல்களும் இல்லாமற்போகவில்லை. பதினொரு வருஷம் போராடியும் ஏன் தோற்றனர்? நீதிபதிகள் கேட்ட கேள்வியே வேறு. "இவர் மனிதரல்லரா, இவருக்கு உரிமை இல்லையா" என்று எவரும் கேட்கவில்லை. "வழக்கம் என்ன, மாமூல் என்ன" என்று மட்டுமே கேட்கப்பட்டது. மாமூல் என்னும் கோலால் அளந்தால், நேற்றுவரை வெளியே நின்றவன் என்றைக்கும் வெளியேதான் நிற்கவேண்டும். உரிமை என்னும் அளவுகோல் அன்று சட்டப் புத்தகத்தில் இல்லை.

அக்கோல் ஒருவாறு மாறத் தொடங்கியது 1939-இல். அவ்வருஷம் ஜூலை 8-ஆம் தேதி, மதுரை ஸ்ரீ அ. வைத்தியநாதையர் அவர்கள் தலைமையில், பின்னாளில் மந்திரியாக விளங்கிய ஸ்ரீ கக்கன் அவர்கள் உள்ளிட்ட அரிஜன சகோதரர்களும், நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் ஆலயத்துள் சென்று தரிசித்தனர். உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. அதற்குத் துணைநின்ற கோயில் அதிகாரிகள் கோர்ட்டு நடவடிக்கைகளில் அகப்பட்டுக்கொள்ளாவண்ணம் அவசரச் சட்டம் முதலிலும், ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டம் பின்னரும் அதே வருஷத்தில் பிறந்தன. 1947-இல் வந்த சட்டம் மாகாணத்துக் கோயில்களை அனைவருக்கும் திறந்துவிட்டது. 1908-இல் லண்டனில் தோற்ற உரிமை, மதுரையில் இங்ஙனம் மீண்டும் எழுந்தது. மாமூலைச் சட்டம் வென்றது.

இனி மற்றொரு தடை. சட்டம் இருப்பினும், குடிமகனுடைய பிராதைக் கேட்டு ஒரு சர்க்கார் உத்தரவை ரத்துச் செய்யும் அதிகாரமுள்ள கோர்ட்டு வேண்டுமல்லவா? 1950-க்கு முன் மதுரையானுக்கு அது கிடையாது. பர்லாக்கிமிடி ஜமீனைச் சேர்ந்த குடியானவர்கள், வரியை உயர்த்திய ரெவினியூ போர்டின் உத்தரவை எதிர்த்து வழக்காடினர். 1943-இல் பிரிவி கவுன்சில் என்ன சொல்லிற்று? சென்னை ஐக்கோர்ட்டின் நீதிப்பேராணை, அதாவது ரிட் என்பது, சென்னைப் பட்டணத்து எல்லைக்குள்ளேதான் செல்லும். போர்டின் ஆபீசு பட்டணத்தில் இருப்பது பற்றி வெளியூர்க் குடிகள் அதைக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மயிலாப்பூரில் இருப்பவனுக்கு ஒரு பரிகாரம், திருப்பரங்குன்றத்தில் இருப்பவனுக்கு அது இல்லை என்பதே இதன் பொருள்.

டில்லியிலே 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பெடரல் கோர்ட்டு ஒன்று நடந்துவந்தது. ஆயின் குடிமகன் நேரே சென்று, "என் அடிப்படை உரிமை பறிபோயிற்று" என்று முறையிடும் இடமாக அது அமையவில்லை. அடிப்படை உரிமை என்னும் அத்தியாயமே அன்றைய அரசியல் சட்டத்தில் கிடையாது. அப்பீல் வழியே வந்த தல்பாடே என்பாரின் வழக்கில், விசாரணையின்றிச் சிறைவைக்க வகைசெய்த யுத்தகால விதியொன்று செல்லாதென்று அக்கோர்ட்டு 1943-இல் துணிந்து கூறிற்று. சர்க்காரோ சில தினங்களிலேயே அவசரச் சட்டம் பிறப்பித்து அவ்விதிக்கு உயிர் கொடுத்துவிட்டது. நீதிபதிகளுக்கு நெஞ்சுரம் இருந்தது. கையில் ஆயுதம் இல்லை.

1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி இவையாவும் மாறின. அரசியல் சட்டத்தின் 14-ஆவது ஷரத்துச் சட்டத்தின்முன் யாவரும் சமம் என்றது. 15-ஆவது ஷரத்து மத, சாதி, பிறப்பிட, பால் வேற்றுமை பற்றிய பாகுபாட்டைத் தடுத்து, கடை, கிணறு, குளம், சாலை முதலியவற்றில் தனிமனிதர் காட்டும் வேற்றுமையையும் விலக்கிற்று. 17-ஆவது ஷரத்துத் தீண்டாமையை ஒழித்தது. இவற்றுக்குக் காவலாக 32-ஆவது ஷரத்து சுப்ரீம் கோர்ட்டின் கதவையும், 226-ஆவது ஷரத்து ஐக்கோர்ட்டின் கதவையும் நேரே திறந்துவிட்டன. பட்டணத்து எல்லைக்கோடு அழிந்தது.

ஒரு மனுவின் வலிமை எவ்வளவு என்பதற்குச் செண்பகம் துரைராஜன் வழக்கே போதும். கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பகுத்துச் சமூகவாரியாகக் கொடுத்துவந்த சென்னைச் சர்க்காரின் உத்தரவை எதிர்த்து 1950-இல் அம்மனு 226-ஆவது ஷரத்தின்படி ஐக்கோர்ட்டில் தரப்பட்டது. 1951 ஏப்ரல் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு செல்லாதென்றது. தமிழ்நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் அரசியல் சட்டத்திற்கு முதல் திருத்தம் செய்யப்பட்டு, பிற்பட்ட வகுப்பினருக்கு விசேஷ ஏற்பாடு செய்யும் 15(4) பிறந்தது. வழக்கில் வென்றவர் ஒருவர். அதன் பயனாய்ப் பிறந்த திருத்தத்தால் நன்மையுற்றவர் பலகோடியர். பிராது எங்குத் தொடங்கி எங்கு முடியும் என்பதை முன்கூட்டி எவரும் சொல்ல இயலாது.

ஆயினும் சென்னை செல்லும் வழியும் செலவும் எஞ்சின. வாய்தாதோறும் 450 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து, வக்கீலைக் கண்டு, சத்திரத்தில் தங்கித் திரும்ப ஏழைக்கு இயலுமா? 2004-ஆம் வருஷம் ஜூலை 24-ஆம் தேதி சென்னை ஐக்கோர்ட்டின் மதுரைக் கிளை உலகனேரியில் திறக்கப்பட்டது. அன்று பதின்மூன்று ஜில்லாக்கள் அதன் ஆளுகைக்குள் வந்தன. இன்று திருநகரில் காலையுணவு அருந்திப் புறப்படுவோர், கோர்ட்டு கூடுமுன் அங்கே சேர்ந்துவிடலாம். லண்டன்வரை சென்ற கமுதி வழக்கையும் இதனையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிப் பிராது எழுதும் முறைக்கு வருவோம். நெருப்புப் பற்றியெரியும் அவசரம் தவிர மற்றைய காரியங்களில் கோர்ட்டுக்கு ஓடுதல் முதற்படியன்று. சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு எழுத்துமூலம் மனுக் கொடுத்து, பதிவுத் தபால் ரசீதையோ ஆபீசு முத்திரையிட்ட நகலையோ கைக்கொள்வதே முதற்படி. உத்தரவின் நகல் கிடையாதாயின் 2005-ஆம் வருஷத்துத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம்; சாதாரணமாக 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அதிகாரி மறுத்தால் அம்மறுப்பே வழக்கிற்கு மூலம்; மௌனம் சாதித்தால் அம்மௌனமே மூலம். மனுவே கொடாமல் "எனக்குத் தரவில்லை" என்று சொல்லுவானை நீதிபதி திருப்பியனுப்புவது இயல்பு.

இரண்டாவது, பிரமாண வாக்குமூலம். இதைத் தேதி வரிசையில் எழுதவேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் எண் இடவேண்டும். தான் கண்டது வேறு, பிறர் சொல்லக் கேட்டது வேறு என்று பிரித்துக் காட்டவேண்டும். வசைச்சொல் கூடாது. மனுதாரருக்கு மாறான ஆதாரம் ஒன்று இருப்பின் அதையும் மறையாது சொல்லவேண்டும். மறைத்தது வெளிப்பட்டால் எஞ்சியவற்றையும் கோர்ட்டு நம்பாது.

மூன்றாவது, வேண்டும் பரிகாரம். ஒருவரைச் சட்டவிரோதமாய் அடைத்துவைத்திருந்தால் ஆட்கொணர்விப்பு நீதிப்பேராணை. கடமையைச் செய்யாத அதிகாரியைச் செய்விக்கச் செயலுறுத்தும் நீதிப்பேராணை. தவறான உத்தரவை ரத்துச் செய்ய நெறிமுறையுறுத்தும் நீதிப்பேராணை. அதிகாரமின்றி நடக்கும் விசாரணையை நிறுத்தத் தடையுறுத்தும் நீதிப்பேராணை. தகுதியின்றிப் பதவி வகிப்பவரைக் கேள்வி கேட்கத் தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை. "நீதி வழங்குக" என்று பொதுப்படக் கேட்பது பயனற்றது. இன்ன அதிகாரி இன்ன காரியத்தை இத்தனை நாட்களுக்குள் செய்யவேண்டும் என்று கேட்டலே முறை.

நான்காவது, செலவு. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஊனமுற்றோர், காவலிலிருப்போர் முதலியோர் வருமானம் பாராது இலவச வக்கீல் உதவி பெறலாம். இதை அறியாத விதவைகள் நகையை அடகு வைப்பது நம் ஊர்களில் இன்றும் காணும் காட்சி. ஐந்தாவது, காலம். ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று கெடு வரையறுக்கப்படவில்லையெனினும், காரணமின்றித் தாமதித்தவனுக்குக் கோர்ட்டு கை கொடாது. தீண்டாமைக் கொடுமையாயின் 1955-ஆம் வருஷத்துக் குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் குற்ற வழக்கிற்கு இடந்தருவன; அங்கே முதற்பிராது போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கவேண்டுவது.

நம் இல்லங்களின் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கின்றனராகலின், அந்நாட்டு முறையையும் சுருங்கச் சொல்லுவோம். அங்கே நீக்ரோ மக்கள் அடிமைத்தளை நீங்கிய பின்னரும் கொடுமைக்கு ஆளானமையால், 1871-இல் ஒரு சட்டம் இயற்றினர். மாகாண அதிகாரத்தின் பெயரால் ஒருவருடைய உரிமையைப் பறித்தவர்மீது, பாதிக்கப்பட்டவர் நேரே பெடரல் கோர்ட்டில் வழக்காடலாம் என்பது அதன் சாரம். உள்ளூர் அதிகாரியும் உள்ளூர் ஜூரியும் ஒன்றாய் நின்ற காலத்தில், வெளியே ஒரு கதவு வேண்டும் என்று கண்டனர். 1938 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, பிராது சுருக்கமாயும் தெளிவாயும் இருந்தாற் போதும். வக்கீலின்றித் தாமே கொடுப்பதும் உண்டு. ஏழைக்குக் கட்டணம் தள்ளுபடியும் உண்டு. கால எல்லை மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். காலிபோர்னியாவில் 2 வருஷம், நியூயார்க்கில் 3 வருஷம். உத்தியோகத்தில் காட்டும் பாகுபாடாயின், முதலில் சமவாய்ப்புக் கமிஷனுக்கு 180 நாட்களுக்குள், பல மாகாணங்களில் 300 நாட்களுக்குள், மனுச் செய்து, அதன் அனுமதிக் கடிதம் வந்த 90 நாட்களுக்குள் கோர்ட்டுக்குப் போகவேண்டும். நாள் தவறினால் நியாயமும் தவறும்.

அந்நாட்டுப் பெடரல் கோர்ட்டிலே நம் நாட்டுச் சாதியும் ஏறிவிட்டது என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டியிருக்கின்றது. 2020-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி, சிஸ்கோ என்னும் பெரிய கம்பெனியில் இந்திய உத்தியோகஸ்தர் ஒருவர் சாதியின் பொருட்டுத் தாழ்த்தப்பட்டார் என்று காலிபோர்னியாச் சர்க்காரின் இலாகாவே வழக்குத் தொடுத்தது. பின் அதை வாபஸ் பெற்று, அவ்வருஷம் அக்டோபரில் மாகாணக் கோர்ட்டில் தொடுத்தனர். தனிமனிதர் இருவர்மீதிருந்த பகுதி 2023-இல் கைவிடப்பட்டது. அவ்வழக்கின் நியாயம் எப்பக்கம் என்று தீர்ப்புச் சொல்லுவது எம் வேலையன்று. கடல் கடந்தும் இது நம்மைத் தொடர்கின்றது என்பது மட்டுமே யாம் காட்ட விரும்பியது.

இனிச் சங்கத்தின் கடமை. இதைக் கூறவே இவ்வளவும் பீடிகையாக உரைத்தோம். சாதிச் சங்கங்கள் ஏன் தோன்றின? தனியொருவன் குரல் கேட்கப்படாதபோது பத்துப்பேர் சேர்ந்து குரல் கொடுக்க. அது நல்லதே. ஆயின் நமக்கு இழைத்த அநீதியைச் சொல்லும்போது உரிமை என்னும் கோலை எடுக்கிறோம். நம்மால் ஒருவருக்கு அநீதி என்று அவர் பிராது கொடுக்கும்போது மாமூல் என்னும் கோலைத் தேடுகிறோம். ஒரே கடையில் வாங்க ஒரு படியும் விற்க ஒரு படியும் வைப்பானை நாம் என்னவென்று அழைப்போம்?

இந்த மதுரை ஜில்லாவிலே உத்தப்புரம் என்னும் கிராமத்தில், ஒரு சமூகத்தாரின் குடியிருப்பை மற்றொரு சமூகத்தார் சுவரெழுப்பிப் பிரித்திருந்தனர். 2008-ஆம் வருஷம் மே 6-ஆம் தேதி அதிகாரிகள் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டனர். மனக்கசப்பு உடனே தீரவில்லை. 2011-இல் இருசாராரும் எழுத்துமூலம் உடன்பாடு செய்துகொண்டு, அவ்வருஷம் நவம்பரில் தாழ்த்தப்பட்டோர் அவ்வூர்க் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில் தனித்தொகுதித் தலைவர் பதவி 1996 முதல் பத்து வருஷம் நிலைபெற முடியாமற் கிடந்து, 2006-இலேயே ஒழுங்கானது. 2011 ஏப்ரல் 19-ஆம் தேதி, மதுரைக் கிளையிலிருந்து அப்பீலாகச் சென்ற வழக்கொன்றில், தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையைச் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்து, அத்தகைய கொடுமைகளைத் தடுக்கத் தவறும் அதிகாரிகள்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு கட்டளையிட்டது. இவையெல்லாம் வேறெந்த நாட்டிலோ நடந்தவையல்ல. நம் பஸ் செல்லும் வழியில் நடந்தவை. இவற்றில் எந்தச் சமூகம் எப்பக்கம் நின்றது என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும், பெயர் சொல்லவேண்டுவதில்லை.

ஆகவே சங்கத்தின்முன் மூன்று பிரேரணைகளை வைக்கின்றோம். மாதம் ஒரு ஞாயிறு, நம் மன்றத்தில் வக்கீல் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் அமர்ந்து, வருவோரின் குறையைத் தேதிவாரியாக எழுதிக் கொடுக்கவேண்டும். சட்டப்பணிக் குழுவின் இலவச உதவியைப் பற்றி ஊர்தோறும் அறிவிக்கவேண்டும். மூன்றாவது முக்கியமானது: அந்த மேசைக்கு வருபவர் எந்தச் சாதியார் என்று கேட்கலாகாது, அவருடைய பிராது நம்மவர்மேலேயே ஆயினும், எழுதித் தர மறுக்கலாகாது. அவருக்கு எதிர்வழக்காடும் உரிமை நம்மவருக்கு உண்டு. அவரைப் பேசவிடாமற் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை.

மூன்றாவதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கின்றோம். "சங்கம் நமக்காகவா, பிறர்க்காகவா" என்று வினவுவீர்கள். நமக்காகவே! பிறர் பிராதை மாமூலால் அடைக்கும் ஊரில், நாளை நம் பிராதையும் அதே மாமூல் அடைக்கும். கமுதியில் கோயில் கதவை மூடியது ஆள்பலமன்று, பணபலமுமன்று. மாமூலுக்கு மேல் ஒரு சட்டம் இல்லாமையே. அச்சட்டம் இப்போது நம் கையில் இருக்கின்றது. அதை நமக்கு மட்டும் என்று பூட்டிவைப்போமாயின், நாமே அதைத் துருப்பிடிக்க விட்டவராவோம்.

பிரேரணைகள் இப்பொழுது சபையின் ஆலோசனைக்கு உரியன.